உணவு ஒவ்வாமையும் உணவுத் தாளாமையும்

உணவு ஒவ்வாமை என்பது, ஓர் உணவிலுள்ள புரதத்தைத் தீங்கு செய்யும் பொருளாகக் கருதி உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினை ஆகும். உணவுத் தாளாமை என்பது, நோயெதிர்ப்பு மண்டலத்தின் பங்கின்றி, செரிமானக் குறைபாட்டாலோ உணவிலுள்ள வேதிப்பொருளின் விளைவாலோ ஏற்படும் உபாதை ஆகும். முன்னது சிறிதளவு உணவாலும் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும். பின்னது துன்பம் தருவதாயினும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. பேச்சு வழக்கில் "ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே சொல் இவ்விரண்டையும் குறிப்பதால் இவை அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டியுள்ள பெரியபட்டினம், கீழக்கரை, மண்டபம் போன்ற ஊர்களில் மீனும் இறாலும் நண்டும் அன்றாட உணவாகும். எனவே இக்கட்டுரை கடலுணவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குகிறது.

வரலாறு

1902-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே ஆகியோர், கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆய்ந்தனர். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்களுக்குப் பின் மிகக் குறைந்த அளவு நஞ்சைச் செலுத்தியதும் இறந்தது. இக்கடும் எதிர்வினை அனபிலாக்சிஸ் எனப் பெயர் பெற்றது. இதற்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-இல் கிளெமென்ஸ் பொன் பிர்கே உருவாக்கினார்.

1921-இல் கார்ல் பிரவுஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் ஆகிய செருமானிய மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தனர். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. அவருடைய குருதி நீரைப் பிரவுஸ்னிட்ஸ் தம் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது அவ்விடம் தடித்தது. ஒவ்வாமைக்குக் காரணமான ஒரு பொருள் குருதியில் உள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று. அப்பொருள் ஐஜிஇ என்னும் பிறபொருளெதிரி என்பதை 1966-இல் இஷிசாகா தம்பதியர் கண்டறிந்தனர்.

ஒவ்வாமை நிகழும் விதம்

ஒவ்வாமை உள்ளவரின் உடல், குறிப்பிட்ட உணவுப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ-யை முன்னதாகவே உருவாக்கி வைத்திருக்கும். இது மாஸ்ட் செல்கள் எனப்படும் உயிரணுக்களின் மேல் ஒட்டியிருக்கும். அதே புரதம் மீண்டும் வரும்போது அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிடுகின்றன. இதனால் பெரும்பாலும் சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தோல் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு, குருதி அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்படலாம்.

இறால் ஒவ்வாமை பற்றிய அறிவில் இந்தியாவுக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. வி. சுப்பா ராவ் குழுவினர், அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து, இந்திய வெள்ளை இறாலின் முதன்மை ஒவ்வாமையூக்கி டிரோபோமயோசின் என்னும் தசைப் புரதமே என்பதை 1993-இல் வெளியிட்டனர். இப்புரதம் வெப்பத்தால் எளிதில் சிதைவதில்லை. ஆகவே நன்றாக வேகவைத்தாலும் இறால் ஒவ்வாமை தவிர்க்கப்படுவதில்லை. நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றிலும் ஏறத்தாழ இதே புரதம் உள்ளதால், ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போக வாய்ப்பு அதிகம்.

மீன்களின் முதன்மை ஒவ்வாமையூக்கி பார்வால்புமின் என்னும் வேறொரு புரதம் ஆகும். எனவே இறால் ஒவ்வாதவர் மீனையும் கைவிட வேண்டும் என்னும் கட்டாயமில்லை. கடலுணவு ஒவ்வாமைக்கு அயோடின் காரணம் என்னும் கருத்தும் தவறானது.

தாளாமை நிகழும் விதம்

பாற்சர்க்கரைத் தாளாமை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பாலிலுள்ள லாக்டோசைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. இந்தியாவில் வடக்கை விடத் தெற்கில் இக்குறைவு மிகுதி. செரிக்காத சர்க்கரையைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்வதால் வயிற்று உப்புசம், வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை உண்டாகின்றன. இது அளவைப் பொறுத்தது. தேநீரில் கலந்த பால் துன்பம் தராமலும், ஒரு குவளைப் பால் துன்பம் தருவதாகவும் இருக்கலாம். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை உள்ளவருக்கோ பாற்புரதமே பகை என்பதால் தயிரும் மோரும் ஆகா.

ஹிஸ்டமின் மீன் நச்சு

ஒவ்வாமை போலத் தோன்றி, ஒவ்வாமை அல்லாத நிலை ஒன்று கடற்கரை மக்களுக்கு முக்கியமானது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுந்துள்ளது. பிடித்த மீனை உடனே பனிக்கட்டியில் வைக்காவிடில் நுண்ணுயிரிகள் அதனை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அவ்வாறு உருவான ஹிஸ்டமின் சமைத்தாலும், பொரித்தாலும், பின்னர் உறைய வைத்தாலும் அழியாது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இதற்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்னும் வரம்பை வைத்துள்ளது.

முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, அரிப்பு, வாயில் மிளகு போன்ற காரம் ஆகியவை இதன் அறிகுறிகள். இங்கு ஹிஸ்டமின் வெளியிலிருந்து உடலுக்குள் வருகிறது. ஒவ்வாமையில் அது உடலிலேயே சுரக்கிறது. அறிகுறிகள் ஒத்திருப்பதற்கு இதுவே காரணம். ஒரே மீனை உண்ட பலருக்கும் ஒரே நேரத்தில் ஏற்பட்டால் இந்நச்சையே முதலில் ஐயுற வேண்டும். இதனை ஒவ்வாமை என்று தவறாகக் கொண்டால், நல்ல மீனைத் தாராளமாக உண்ணக்கூடிய ஒருவர் வாழ்நாள் முழுவதும் அதனை விலக்க நேரிடும். மாறாக, உண்மையான ஒவ்வாமையைக் கெட்ட மீனின் விளைவு என்று விட்டுவிட்டால் அடுத்த வேளை உணவே ஆபத்தாகலாம்.

வேறுபடுத்தி அறிதல்

* அளவு: ஒவ்வாமைக்குச் சிறு துணுக்கும் போதும். தாளாமை உண்ட அளவுக்கேற்ப மாறும்.
* உறுப்பு: ஒவ்வாமை தோல், மூச்சு, குருதியோட்டம், வயிறு ஆகியவற்றைத் தாக்கலாம். தாளாமை பெரும்பாலும் வயிற்றோடு நிற்கும்.
* மீள்வருகை: ஒவ்வாமை அதே உணவை உண்ணும்போது பெரும்பாலும் மீண்டும் வரும். மீன் நச்சு கெட்ட மீனால் மட்டுமே வரும்.

ஊசிமுனைத் தோல் சோதனையும் ஐஜிஇ குருதிச் சோதனையும் ஒவ்வாமையைக் கண்டறிய உதவும். ஆனால் சோதனை முடிவு மட்டும் போதாது. பெங்களூரு, மைசூரு பகுதியில் வயது வந்தோரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், 26.5 விழுக்காட்டினரின் குருதியில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஒவ்வாமை இருக்கக்கூடியவர்களோ 1.2 விழுக்காட்டினரே. ஐயம் எஞ்சினால், மருத்துவமனைக் கண்காணிப்பில் அவ்வுணவைச் சிறிது சிறிதாக உண்ணச்செய்து பார்ப்பது உறுதியான வழியாகும். இதனை வீட்டில் செய்து பார்த்தல் கூடாது. பாற்சர்க்கரைத் தாளாமைக்கு மூச்சுக்காற்று ஹைட்ரஜன் சோதனை உள்ளது.

கரப்பான் பண்டம்

இறால், நண்டு, கருவாடு, கத்திரிக்காய் ஆகியவற்றைக் கரப்பான் பண்டங்கள் என ஒதுக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. தோல் அரிப்புக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை இவ்வழக்கம் கவனித்துள்ளது. எனினும் இது ஒவ்வாமை, நச்சு, தொடர்பற்ற தோல் நோய் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை.

முதலுதவியும் தடுப்பும்

உணவு உண்டபின் மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அனபிலாக்சிஸ் எனக் கருதி 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். தொடைத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே இதற்கு முதன்மை மருந்து. அரிப்புக்கான மாத்திரைகள் அதற்கு ஈடாகா. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் அமர வைக்கலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. தணிந்த பின்னும் சில மணி நேரத்தில் அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு உணவுச் சிட்டை விதிமுறைகளின்படி, பொதியிட்ட உணவில் இறால், நண்டு முதலிய ஓட்டுடலிகள், மீன், பால், முட்டை, நிலக்கடலை, சோயா உள்ளிட்ட ஒவ்வாமையூக்கிகள் இருப்பின் அதனைக் குறிப்பிட வேண்டும். உணவகங்களிலும் விருந்துகளிலும் கேட்டறிவதே பாதுகாப்பானது. மீன் பொரித்த அதே எண்ணெயில் இறாலும் பொரிக்கப்பட்டிருக்கலாம்.