மறுபடியும் பார்க்கச் சொன்ன பிரமாணம்



லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். தோலில் கண்ட அடையாளம் நோய்தானா என்று தெளிவாகாதபோது, அப்படிப்பட்டவனை ஆசாரியன் ஏழு நாள் தனியே வைக்க வேண்டும். ஏழாம் நாளில் மறுபடியும் பார்க்க வேண்டும். தெளிவு பிறக்காவிடில் இன்னும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஐயம் இருக்கையில் ஒருமுறை பார்த்து முடிவுகட்டுவதை அந்தப் பிரமாணம் அனுமதிக்கவில்லை. கொரோனா கடந்துபோன ஆண்டுகளை இந்த ஒழுங்கோடு சேர்த்து நினைத்துப்பாருங்கள்.

2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர் வழியாக நம் கடலூர் மாவட்டத்தில் தொற்று திடீரெனப் பெருகியது. அவ்வாண்டின் முடிவில் அலை தணிந்தது. "வந்து போய்விட்டது, இனி நமக்கு வராது" என்ற பேச்சு வடலூர்க் கடைத்தெருவிலும் நெய்வேலிக் குடியிருப்புகளிலும் எளிதாக எழுந்தது.

அந்தப் பேச்சு எவ்வளவு உறுதியற்றது என்பதைத் தமிழ்நாடு அரசின் இரத்தப் பரிசோதனை ஆய்வுகள் காட்டின. 2020 அக்டோபர், நவம்பரில் எடுத்த முதல் ஆய்வில் மாநில மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் எதிர்ப்பொருள் காணப்பட்டது. 2021 ஏப்ரலில் அது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. சம்பாதித்த பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லக் கரைந்திருந்தது. அதே வேளையில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட புதிய திரிபு பரவத் தொடங்கியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31 அன்று அதற்கு டெல்டா என்று பெயரிட்டது. அந்த மே மாதத்தில் தமிழ்நாட்டின் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைக் கடந்ததையும், உயிர்வளிக்காக மக்கள் அலைந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

திரிபு எப்படி உண்டாகிறது? வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப்பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவை பயனற்றவை. எப்போதாவது ஒரு பிழை அதன் கூர்ப்புரதத்தின் வடிவை மாற்றிவிடும். நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் பழைய வடிவையே அடையாளம் அறிந்தவை; புதியதை அவை தவறவிடக்கூடும். 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா அறிவித்த ஒமைக்ரானில் கூர்ப்புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. அதே டிசம்பரில் அது தமிழ்நாட்டை எட்டியது. முன்பு நோயுற்றவர்களும், தடுப்பூசி போட்டவர்களும் மறுபடி நோயுற்றார்கள்.

2022 ஜனவரி 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் முழு ஊரடங்கு. ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. ஜனவரி 14 முதல் 18 வரை எல்லா வழிபாட்டுத் தலங்களும் மூடப்பட்டன. இலட்சக்கணக்கானோர் ஜோதி தரிசனத்துக்குக் கூடும் நம் ஊரின் தைப்பூசமும் அந்த 18ஆம் தேதியிலேயே வந்தது. அயலாரும் நாமும் ஒரே இழப்பைச் சுமந்தோம்.

ஆயினும் அந்த அலையில் மரணங்கள் முந்திய ஆண்டின் மே மாதத்தைவிட மிகக் குறைவு. எதிர்ப்பொருள்களைத் தவிர டி செல்கள் என்னும் காவலரும் உடலில் உண்டு. அவை வைரஸின் பல பகுதிகளை அறிந்தவை. தொற்றைத் தடுக்க இயலாவிடினும் நோய் முற்றுவதைத் தடுக்க உதவுகின்றன. ஆகையால் இரண்டு தவறுகளுக்கு நாம் விலகியிருக்க வேண்டும். இனி ஒன்றும் அணுகாது என்பது ஒன்று. தடுப்பூசியால் ஒரு பயனுமில்லை என்பது மற்றொன்று.

இது நம் தலைமுறைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1918 ஜூன் மாதத்தில் பம்பாயில் இறங்கிய இன்ஃபுளூயன்ஸா முதலில் கடுமை குறைந்ததாயிருந்தது. செப்டம்பரில் திரும்பி வந்தபோது இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. தட்டம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் காப்பு நிலைக்கிறது. இன்ஃபுளூயன்ஸாவோ உருமாறிக்கொண்டே இருப்பதால் அதன் தடுப்பூசியை ஆண்டுதோறும் மறுபடி ஆராய்கிறார்கள். கொரோனா இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று இப்போது அறிவோம். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜேஎன்.1 என்னும் திரிபு கேரளத்தில் கண்டறியப்பட்டது.

பிரியமானவர்களே, லேவியராகமத்தின் பிரமாணம் நோயுற்றவனை மட்டுமல்ல, பாளயம் முழுவதையும் நினைத்து எழுதப்பட்டது. உங்களுக்குச் சளியாய்க் கடந்துபோவது, உங்கள் பக்கத்து இருக்கையில் அமரும் முதியவருக்கு, டயாலிசிஸ் செய்துவருகிறவருக்கு, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவருக்கு அப்படியே கடந்துபோகாது. அவர்களுடைய காப்பு உங்கள் காப்பைப்போல் பலமுள்ளதல்ல. காய்ச்சலும் இருமலும் உள்ள ஞாயிறன்று வீட்டில் தங்கி ஜெபிப்பது ஆராதனையைப் புறக்கணிப்பதாகாது. முதியோர் தங்களுக்கு மறுபடி தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதும் அவிசுவாசமாகாது. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு இதைப் பேசுங்கள். தனியே வாழும் சபை முதியவர் ஒருவரையாவது விசாரியுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாராக. ஆமென்.