கடை ஒன்று, உடையவர் பலர்

கொங்கு நாட்டின் கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் வரலாறு எழுதியோர் உளர். ஊர்ப்புறத்து மதுக்கடைக்கு வரலாறு எழுதியோர் அரியர். எனினும், உழவனின் கூலியும் நெசவாளியின் கூலியும் தலைமுறை தலைமுறையாகச் சென்று சேர்ந்த இடம் அது. அதன் கல்லாவில் மாறி மாறி அமர்ந்தோர் யாவர் என்று ஆராய்தல் நமக்குப் பயன் தரும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அக்கடைக்கு உடையவர் இருவர். ஏலம் எடுத்த குத்தகைதாரர் ஒருவர். அவர் பின்னே நின்ற சர்க்கார் மற்றொருவர். 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் இவ்வுறவை வரையறுத்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி. விற்கும் கடைக்கு ஏலம். ‘அப்காரி’ என்பது பாரசீகச் சொல். ‘ஆப்’ என்றால் நீர். தவணைப் பணத்தைக் குறிக்கும் ‘கிஸ்தி’யோ அரபி மூலத்தது, ‘கிஸ்த்’ என்பதற்குப் பங்கு என்றும் நீதி என்றும் பொருள் உண்டு. நீதியைச் சுட்டும் சொல் குத்தகைத் தவணைக்குப் பெயரானது காலத்தின் கோலமே.

கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்து நின்ற 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் மூண்டது. ஈ. வெ. ராமசாமிப் பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றனர். அன்று மக்கள் எதிர்த்து நின்றது அந்நியனின் கருவூலத்தை.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் கண்ட ராஜாஜி, மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். பின்னர் சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது, 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டக் கடைகளை மூடினார். கடைக்கு உடையவரே இல்லாத காலம் பிறந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. இதனை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். போர்க்காலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது. விடுதலைக்குப் பின், 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது.

1971-இல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது; 1974-இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன; 1981-இல் மீண்டும் திறந்தன. மதுவுக்குப் பதிலாக வந்த விற்பனை வரி போகவில்லை; போன மது மட்டும் திரும்பி வந்தது! 1983-இல் மொத்த வாணிகத்துக்கென டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. கள்ளும் சாராயமும் பின்னர்த் தடை செய்யப்பட்டன. சீமைச் சரக்குக் கடைகளைத் தனியார் நடத்தினர். 2003 நவம்பரில் அவற்றையும் அரசே எடுத்துக்கொண்டது. எந்தச் சட்டத்தைத் திருத்தித் தெரியுமா? சேலத்துக் கடைகளை மூடிய அதே 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்!

கடைக்கு இன்று ஒரே உடையவர் அரசு. அரசுக்கு உடையவர் மக்கள். ஆகவேதான் இன்றைய எதிர்ப்பு, தன் வீட்டையே எதிர்த்து நிற்பது போன்ற துயரமுடையது. சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள், மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரி, 2015 ஜூலை 31-இல் குமரி மாவட்டத்தில் செல்பேசிக் கோபுரத்தின் மீதேறிப் போராடுகையில் உயிர் நீத்தார். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் மறியல் செய்த ஆண்களும் பெண்களும் போலீசாரின் தடியடிக்கு ஆளாயினர்.

மதுவிலும் சூதிலும் சில பயன்கள் உண்டென்பதைத் திருமறை மறுக்கவில்லை. அவற்றின் பாவமோ பயனினும் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது (2:219). வருவாய்க் கணக்கைக் காட்டுவோர்க்கு இதனினும் நேரிய விடை இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதுவின் பொருட்டுச் சபித்தவர்கள் பதின்மர். குடிப்பவர் அவருள் ஒருவரே. பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், விலையை உண்பவர் என அவ்வரிசை நீள்கிறது.

நாம் குடிப்பதில்லையே, நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கடைக்கு உடையவர் எவராயினும், அது நிற்கும் கட்டடத்துக்கும் ஓர் உடையவர் உண்டு. டாஸ்மாக் கடைகளுள் பல தனியாரின் வாடகைக் கட்டடங்களிலேயே இயங்குகின்றன. மற்றக் கடைகளைவிட வாடகை கூடுதலாகக் கிடைப்பின் மனம் சலிக்கும். ஆனால் மதுக்கடைக்கு எனத் தெரிந்தே இடம் விடலாகாது என்பதே ஃபிக்ஹு அறிஞர்களில் மிகப் பெரும்பாலோரின் முடிவு. சட்டமும் ஆட்சியும் நம் ஒருவர் கையில் இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்து நம் கையிலேயே இருக்கிறது. நம் முன்னோர் விட்டுச் சென்ற சுவர்களுக்குள் அடுத்தவன் பிள்ளையின் பசி விலைபோகாமல் காத்தல் நம் கடன். அதற்கான உறுதியை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக!