குலுங்காத காரும் கவிழாத காரும்

கார் வாங்கப் போகிறவர் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பார். "வண்டி குலுங்குமா?" என்பது ஒன்று. "வளைவில் தைரியமாகத் திருப்பலாமா?" என்பது மற்றொன்று. நல்ல கார் என்றால் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் குணங்கள். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையப் பார்க்கும். இந்த வழக்கைச் சமரசம் செய்துவைக்க எஞ்சினியர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பாடுபட்டு வருகின்றனர். அந்த வரலாற்றின் சில அத்தியாயங்கள் வண்டலூரிலும் ஆவடியிலும் எழுதப்பட்டவை. அவற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

வில்லின் கணக்கு

காரின் உடல் வில்களின் மேல் அமர்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அது மேலும் கீழுமாக ஊசலாடுகிறது. அந்த ஊசலின் அதிர்வெண்ணைக் காண எளிய வழி ஒன்று உண்டு. காரின் எடையால் வில் எவ்வளவு அமுங்கியுள்ளது என்பதை மீட்டரில் எழுதுங்கள். அதன் வர்க்கமூலத்தால் 0.5ஐ வகுத்தால் போதும். வில் 4 செ.மீ. மட்டுமே அமுங்கும் விறைப்பான வண்டியில் அதிர்வெண் விநாடிக்கு 2.5. பத்து செ.மீ. அமுங்கினால் ஏறத்தாழ 1.6. இருபத்தைந்து செ.மீ. அமுங்கும் மென்மையான காரில் 1.

இதில் எது சுகம்? நாம் நடக்கும்போது நம் உடல் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஏறி இறங்குகிறது. பிறந்தது முதல் பழகிய அசைவு ஆகையால் அது நம்மை வருத்துவதில்லை. ஆனால் விநாடிக்கு 4 முதல் 8 வரையுள்ள செங்குத்து அதிர்வுகளை மனித உடல் சிறிதும் பொறுப்பதில்லை. அதிர்வெண் 0.5க்கும் கீழே இறங்கினாலோ, கப்பலில் போவது போல் குமட்டல் வரும். ஆகவே சொகுசுக் கார் செய்பவர்கள் 1ஐ ஒட்டியே நிற்க விரும்புகின்றனர்.

வில் மட்டும் இருந்தால் போதாது. பூவிருந்தவல்லியிலிருந்து பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்குச் செல்லும் சாலையைப் போன்ற ஒரு சாலையில் 6 மீட்டருக்கு ஒன்றாக மேடு இருப்பதாகக் கொள்வோம். அதிர்வெண் 1.5 உள்ள கார் விநாடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 32 கி.மீ. வேகத்தில் சென்றால், மேடுகளின் தாளமும் வில்லின் தாளமும் ஒன்றாகிவிடும். இதுதான் பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த ஒத்ததிர்வு. அந்த வேகத்தில் வண்டி நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும். அதை அடக்குவதற்கே எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர் இருக்கிறது. வில்லின் ஆற்றலை அது வெப்பமாக மாற்றி ஊசலைத் தணிக்கிறது.

முதலாளியும் ஓட்டுநரும்

1930க்கு முந்திய பெரிய கார்களில் முதலாளி பின்னிருக்கையில் அமர்ந்தார். எனவே பின்வில்கள் மென்மையாகவும் முன்வில்கள் விறைப்பாகவும் செய்யப்பட்டன. இது முறையல்ல என்று காட்டியவர் மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேய எஞ்சினியர். ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிய அவர், 1930இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் சேர்ந்தார். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரை அங்கே செய்து, பல பேரை அதில் ஏற்றிச் சோதித்தார்.

அவர் கண்ட உண்மை எளிமையானது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. பின்பக்கத்தின் ஊசல் சற்று வேகமாக இருந்தால், அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். அப்போது கார் தலையாட்டாமல் மட்டமாகவே ஏறி இறங்கும். ஆகவே முன்வில்தான் மென்மையாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சில் பூட்டி, வில்லையும் மென்மையாக்கினால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது அச்சு சாய்கிறது. சுழலும் சக்கரம் பம்பரம் அல்லவா? சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பும். ஸ்டீயரிங் கையில் நடுங்கும். இதற்குத் தீர்வாக ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தனித்தனியே தாங்கும் அமைப்பை 1934ஆம் ஆண்டின் காடிலாக் கார்கள் ஏற்றன. சொகுசுக்காகச் செய்த ஒரு மாற்றம் ஸ்டீயரிங்கையும் திருத்தியது. பகைவர் இருவரும் கைகோத்த முதல் வேளைகளுள் இது ஒன்று எனலாம்.

நம் நாட்டு அம்பாசடரின் முன்சக்கரங்களும் தனித்தாங்கு முறையிலேயே அமைந்தவை. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த அந்தக் காரில், முன்னால் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குத் தண்டு இருந்தது. துணியைப் பிழிவது போல ஓர் எஃகுத் தண்டு முறுக்கப்பட்டு, பின் தன் நிலைக்கு மீளும். பின்னால் பழைய பட்டைவில்தான். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் அதிர்வு ஓரளவு தானே தணியும். ஆனால் சிறு சிறு குலுங்கல்களில் பட்டைகள் அசைய மறுத்து, அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பும்.

வண்டலூரில் ஒரு பாடம்

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1961இல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு உற்பத்தி தொடங்கியது. இத்தாலியரான மிகெலொட்டி வடிவமைத்த அழகிய கார். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும். அதன் தனிச்சிறப்பு, பின்சக்கரங்களும் தனித்தனியே தாங்கப்பட்டதுதான். கனமான டிஃபரன்ஷியல், சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதன் இருபுறமும் அரை அச்சுகள் பறவையின் சிறகுகள் போல ஏறி இறங்கின. வில்லுக்குக் கீழே ஆடும் எடை குறைவாக இருந்தால் சக்கரம் மேடுபள்ளத்தை எளிதில் பின்தொடரும். ஆகவே கரடுமுரடான சாலைக்கு இது ஏற்றது என்றுதான் தோன்றும்.

ஆனால் சிறகு அச்சில் சக்கரத்தின் சாய்வு, உடலின் உயரத்தைப் பொறுத்தது. பின்னிருக்கையில் குடும்பம் முழுவதும் ஏறி அமர்ந்தால் சக்கரங்களின் அடிப்பகுதி வெளியே விரியும். டயரின் உள்விளிம்பு தேயும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும். வெளிச்சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும். பிடிப்பு சட்டென்று குறைந்து வண்டியின் வால் வெளியே வீசும்.

அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த ஷெவர்லே கார்வேர் காரிலும் இத்தகைய பின் அச்சே இருந்தது. அதைக் கண்டித்து ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய நூல் நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அக்காலத்துப் பிற கார்களைவிடக் கார்வேர் மோசமானதல்ல என்று 1972இல் அரசு அறிக்கை ஒன்று கூறிற்று. எனினும், காரின் தாங்கு அமைப்பு உயிர் பற்றிய பிரச்சினை என்பது அன்று முதல் பொதுமக்களுக்கும் விளங்கிவிட்டது.

வண்டலூரிலோ சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் சிறகு அச்சு பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வழிவந்த நான்கு கதவு கேசல் காரில், பின்னால் சாதாரண முழு அச்சே பொருத்தப்பட்டது. புதுமையிலிருந்து பழமைக்குத் திரும்பியது பின்னடைவா? அப்படிச் சொல்ல முடியாது. தெரிந்த குறையோடு வரும் அமைப்பு, எதிர்பாராமல் கவிழ்க்கும் அமைப்பைவிட மேல்.

1985இல் அதே தொழிற்சாலை ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காரை வெளியிட்டது. இதன் மூலம் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது பெற்றது. ரோவரின் முந்திய மாடலில் செலவு பிடிக்கும் டி டியான் பின் அச்சு இருந்தது. எஸ்டி1இல் மீண்டும் எளிய முழு அச்சையே வைத்து, அதை நன்றாக வழிநடத்தும் இணைப்புத் தண்டுகளைச் சேர்த்தனர். அமைப்பின் பெயரைவிட அதைப் பொருத்தும் கணக்கே முக்கியம் என்பதற்கு இது சான்று.

நம் சாலைகளுக்காக இந்தியக் காரின் உயரம் கூட்டப்பட்டது. இங்கேதான் இயற்பியல் வரி வசூலிக்கிறது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் திரும்பும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும், இடவல சக்கரங்களின் இடைவெளி 135 செ.மீ. ஆகவும் இருந்தால், மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறிவிடும். ஐம்பதுக்கு ஐம்பது என்றிருந்த சுமை முப்பதுக்கு எழுபது ஆகும். வில்லை விறைப்பாக்கினால் உடல் சாய்வது குறையும். இந்தச் சுமை மாற்றம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க உயரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது அகலத்தைக் கூட்ட வேண்டும். பள்ளத்துக்கு அஞ்சி உயர்த்தினால் வளைவில் விலை கொடுத்தே தீரவேண்டும்.

அந்தக் காருக்குள் பழைய வான்கார்டு காரின் வழிவந்த நான்கு சிலிண்டர் எஞ்சினே இருந்தது. விலையும் அதிகம். 1988இல் உற்பத்தி நின்றது. 1984இல் வந்த இந்துஸ்தான் கான்டெஸாவோ, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரிலிருந்து பிறந்து, 2002 வரை நீடித்தது.

ஆவடியின் பதில்

சொகுசும் பிடிப்பும் ஒருங்கே வேண்டுமானால் வில்லின் விறைப்பே மாறிக்கொண்டிருக்க வேண்டும். 1955இல் பிரான்சின் சிட்ரோயன் டிஎஸ் கார் இதைச் செய்தது. உலோக வில்லின் இடத்தில் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் வேலை செய்தன. வாயுவை அமுக்க அமுக்க விறைப்பு கூடும். சுமை ஏறினால் எண்ணெயைச் செலுத்தி உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

இதே தத்துவம் ஆவடியிலும் உண்டு. 1960களில் அங்கே உருவான விஜயந்தா டாங்கியைத் தாங்கியது அம்பாசடரில் உள்ளதைப் போன்ற முறுக்குத் தண்டு. பின்னர் ஆவடி போர் ஊர்தி ஆய்வு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் டாங்கியைத் தாங்குவது வாயுவும் எண்ணெயும். ஓடும்போதே குறிபார்த்துச் சுட வேண்டிய டாங்கிக்குக் குலுங்காமை என்பது சொகுசு அல்ல, தேவை.

2007இல் மறைமலைநகர் அருகே பிஎம்டபிள்யூ சொகுசுக் கார்களின் உற்பத்தி தொடங்கியது. பழைய ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த அதே நெடுஞ்சாலையில்தான். இன்றைய கார்களில் சக்கரம் வழுக்குவதை உணர்ந்து தானே பிரேக் பிடிக்கும் மின்னணுக் கருவிகள் உள்ளன. ஆனால் டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வை எந்தக் கருவியாலும் கூட்ட இயலாது.

ஆகவே வாசகர்களே, உள்ளே குலுங்கவில்லை என்பதால் வண்டி பத்திரமாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மென்மையான பழைய கார், வேகத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடும். உங்கள் வீட்டில் கார் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, ஒரு மூலையைப் பலமாக அழுத்திக் கையை எடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் அந்த ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டது. அத்தகைய சக்கரம் மேட்டில் துள்ளித் தரையை விடும். தரையை விட்ட சக்கரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. அடுத்த நெடும்பயணத்துக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.