ஊசி முனையில் வந்த எமன்: பாக்கூர் கொலை வழக்கு

தாயாதிச் சண்டை நம் தேசத்துக்குப் புதிதல்ல. மகாபாரதமே ஒரு பங்காளித் தகராறுதானே! மண்ணுக்காக அண்ணன் தம்பிகள் கோர்ட் படியேறிய கதைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. ஆனால் சொத்துக்காகத் தம்பியைக் கொல்லத் துணிந்த ஓர் அண்ணன், கத்தியையோ விஷத்தையோ நாடாமல் பிளேக் கிருமியைத் தேடி பம்பாய் வரை சென்றான் என்றால் நம்புவதற்குச் சற்றுக் கடினமாக இருக்கும். 1933-ல் கல்கத்தாவில் நடந்த இந்தக் கொலையை விசாரித்த நீதிபதியே, குற்ற சரித்திரத்தில் இதற்கு இணையாக வேறொன்று இருக்குமா என்று வியந்தார்.

கொல்கத்தா அன்பர்களுக்கு ஹௌரா ரயில் நிலையமும், மும்பை அன்பர்களுக்கு பரேலும் ஆர்தர் ரோடும் அன்றாடம் கடந்து செல்லும் இடங்கள். அந்த இடங்களில் நடந்த கதைதான் இது.

இரண்டு சகோதரர்கள்

இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள பாக்கூர், அன்று சந்தால் பர்கானா பகுதியில் ஒரு ஜமீன். அந்த ஜமீன் குடும்பத்தின் வாரிசுகள் வினயேந்திர சந்திர பாண்டே, அமரேந்திர சந்திர பாண்டே என்ற இருவர். தந்தை ஒருவரே; தாய்மார் வேறு. மூத்தவர் வினயேந்திரர், தம்பியைவிடச் சுமார் பத்து வயது பெரியவர். தந்தை காலமானபின் ஜமீன் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. உல்லாச வாழ்க்கையில் பணம் கரைந்தது. தம்பி வயதுக்கு வந்து தன் பங்கைக் கேட்கத் தொடங்கியதும் பகை முற்றியது. குடும்பத்தின் மூத்த பெண்மணியான ராணி சூர்யவதி தேவி தம்பியிடம்தான் பாசம் வைத்திருந்தார். அது அண்ணனின் எரிச்சலை இன்னும் கூட்டியது.

1932-ல் ஒரு நாள் அண்ணன் தம்பியிடம் சல்லாபமாகப் பேசிக்கொண்டே, ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் அழுத்தி மாட்டினார். தோல் கீறியது. சில நாட்களில் அமரேந்திரருக்கு ரண ஜன்னி எனும் டெட்டனஸ் கண்டது. உரிய மருந்து உரிய காலத்தில் செலுத்தப்பட்டதால் உயிர் பிழைத்தார். அண்ணன் தன் சார்பில் வேறு மருத்துவர்களை அழைத்து வந்து சிகிச்சையை மாற்றப் பார்த்தார் என்றும், வீட்டார் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றும் பின்னர் கூறப்பட்டது.

கிருமியைத் தேடி

வினயேந்திரரின் நண்பர் டாக்டர் தாராநாத் பட்டாச்சார்யா. கிருமிகளைப் பற்றிய படிப்பறிவு உள்ளவர். அந்த அறிவுதான் இவர்களுக்குப் பிளேக்கை நினைவூட்டியிருக்க வேண்டும். 1896-ல் பம்பாயில் புகுந்த பிளேக், 1918-க்குள் இத்துணைக் கண்டத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டிருந்தது. பிளேக்கில் ஒருவர் இறந்தால் யாரும் கொலை என்று நினைக்கப் போவதில்லை. விதி என்று தலையில் அடித்துக்கொண்டு தகனம் செய்துவிடுவார்கள். கணக்கு இதுதான்.

ஆனால் கிருமி எங்கே கிடைக்கும்? பம்பாய் பரேலில் உள்ள ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டில்தான் அது வளர்க்கப்பட்டு வந்தது. பிளேக் தடுப்பூசியைக் கண்டுபிடித்து, 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த வால்டெமார் ஹாஃப்கின் என்ற மேதையின் பெயர் தாங்கிய நிறுவனம் அது. உயிர் காக்க வளர்த்த கிருமியை உயிர் எடுக்கக் கேட்டு 1932 மே மாதம் தாராநாத் எழுதினார். வங்காள சர்ஜன் ஜெனரலின் அனுமதி இல்லாமல் தர இயலாது என்று இயக்குநர் மறுத்துவிட்டார்.

அடுத்து தாராநாத், பிளேக்குக்கு மருந்து கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லி கல்கத்தாவில் ஒரு மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் நுழைந்தார். அங்கே கிருமி தழைக்கவில்லை. 1933-ல் அதே மருத்துவரிடம் சிபாரிசுக் கடிதம் பெற்றுக்கொண்டு பம்பாய் முயற்சியைத் தொடர்ந்தார். வினயேந்திரரும் பம்பாய் வந்து சேர்ந்தார். ஹாஃப்கின் நிறுவனத்தைச் சேர்ந்த இரு கால்நடை மருத்துவர்களை லஞ்சம் கொடுத்து வளைக்கப் பார்த்தும் பலிக்கவில்லை. பிறகு ஆர்தர் ரோடு தொற்றுநோய் மருத்துவமனையில், ஆராய்ச்சி செய்ய நண்பருக்கு இடம் வேண்டும் என்று வினயேந்திரரே சிபாரிசு செய்தார். ஆராய்ச்சிக்காரர் என்று காட்டிக்கொள்ளச் சந்தையில் எலிகள்கூட வாங்கப்பட்டன. அனுமதி கிடைத்த ஐந்தே நாட்களில், ஜூலை 12-ம் தேதி, ஆராய்ச்சி திடீரென்று நின்றது. இருவரும் கல்கத்தா திரும்பினர்.

ஹௌராவில் ஒரு குத்து

1933 நவம்பர் 26. அமரேந்திரர் உறவினர்களுடன் பாக்கூர் செல்ல ஹௌரா நிலையத்துக்கு வந்தார். யாரும் அழைக்காமலே அண்ணனும் அங்கே நின்றிருந்தார். கூட்டத்தில் கதர் உடுத்திய குள்ளமான ஒரு மனிதன் உரசிக்கொண்டு போனான். வலது கையில் சுருக்கென்றது. யாரோ குத்திவிட்டதாக அமரேந்திரர் கூவினார். பயணத்தை நிறுத்தி ரத்தப் பரிசோதனை செய்துகொள் என்று உறவினர்கள் மன்றாடினார்கள். இது ஒரு பெரிய விஷயமா என்று அண்ணன் சிரித்து மழுப்பி வண்டி ஏறச் செய்தார்.

மூன்று நாட்களில் அமரேந்திரர் காய்ச்சலோடு கல்கத்தா திரும்பினார். பரிசோதித்த மருத்துவர் கையில் இன்ஜெக்ஷன் ஊசி ஏறியது போன்ற தடத்தைக் கண்டார். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. அக்குள் வீங்கியது, மூச்சு திணறியது. டிசம்பர் 4 விடியற்காலை, இருபது வயதில் அவர் உயிர் பிரிந்தது. நிமோனியா என்று முடிவு செய்தார்கள். பிரேதப் பரிசோதனை இன்றி உடல் தகனமாயிற்று.

அண்ணன் போட்ட கணக்கு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த ரத்தம் ஆய்வுக்கூடத்தில் காத்திருந்தது. முடிவு வந்தபோது அதில் இருந்தது பிளேக் கிருமி. கல்கத்தா நகரிலோ அதற்கு முன் மூன்றாண்டுகளாக ஒரு பிளேக் நோயாளி கூடப் பதிவாகவில்லை!

காகிதங்கள் பேசின

உறவினர்கள் வாய் மூடி இருக்கவில்லை. போலீஸில் புகார் கொடுத்தார்கள். 1934 பிப்ரவரியில் வினயேந்திரரும் தாராநாத்தும் கைதானார்கள். எலித் தெள்ளு கடித்து இயற்கையாக வந்த நோய் இது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. வாதத்தைத் தகர்த்தவை வெறும் காகிதங்கள். பயணப் பதிவுகள், பம்பாய் ஹோட்டல் பில்கள், ஹோட்டல் ரிஜிஸ்டரில் வினயேந்திரர் தம் கையாலேயே எழுதிய வரிகள், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய செய்திகள், எலி வாங்கிய கடை ரசீது ஆகிய எல்லாம் வரிசையாக சாட்சி சொல்லின.

விசாரணை ஒன்பது மாதம் நடந்தது. உலகப் பத்திரிகைகளும் இதை எழுதின. பம்பாயில் திருடிய கிருமியை கல்கத்தா கொண்டு வந்து நவம்பர் வரை உயிரோடு வைத்திருக்க முடியும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. இருவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1936 ஜனவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. உடன் கைதான வேறு இரண்டு மருத்துவர்கள் மீது போதிய சாட்சியம் இல்லை என்று விடுதலை கிடைத்தது. ஊசியால் குத்திய அந்தக் கதர்க்காரன் மட்டும் கடைசிவரை அகப்படவே இல்லை.

நமக்கு என்ன சொல்கிறது?

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இந்த வழக்கில் தெய்வம் பெரிய துப்பறியும் நிபுணரின் உருவில் வரவில்லை. அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்ட ஓர் இயக்குநர், சந்தேகத்தின் பேரில் ரத்தம் எடுத்து அனுப்பிய ஒரு மருத்துவர், தங்குகிறவர்களைப் பதிவேட்டில் எழுதச் சொன்ன ஒரு ஹோட்டல் குமாஸ்தா, ரசீது கிழித்துக் கொடுத்த ஒரு கடைக்காரர் என்று சாதாரண மனிதர்களின் சாதாரணக் கடமைகளாகத்தான் வந்தது.

அதே சமயம், கடமை தளர்ந்த இடத்தில்தான் கொலைகாரர்கள் உள்ளே நுழைந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டம் பேசி ஒரு வாசலில் விரட்டப்பட்டவர்கள், மரியாதையும் சிபாரிசும் பேசி இன்னொரு வாசலில் நுழைந்துவிட்டார்கள். பெரிய மனிதர் கேட்கிறார், படித்தவர் கேட்கிறார் என்று ஐந்து நாள் திறந்துவிட்ட ஓர் அறைக்கு விலை ஓர் இருபது வயது உயிர்.

நம் அன்பர்களில் பலர் வங்கியிலும் அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆயுள் முழுவதும் உழைத்தவர்கள். தேதி போடுவதும், விதியைக் காட்டி மறுப்பதும், கோப்பில் ஒரு குறிப்பு எழுதி வைப்பதும் நன்றி கிடைக்காத வேலைகள். விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்ற ஏச்சுதான் பெரும்பாலும் மிஞ்சும். 1932-ல் ஹாஃப்கின் இயக்குநருக்கும் தாம் எதைத் தடுத்தோம் என்று அப்போது தெரிந்திருக்காது. அவர் செய்த மறுப்பினால் அமரேந்திரரின் ஆயுள் ஓராண்டுக்கும் மேல் நீண்டது. ஆர்தர் ரோடிலும் அதே கேள்வியை ஒருவர் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை தலை நரைக்கும்வரை வாழ்ந்திருக்கக் கூடும்.