கொலராடோவில் படகோட்டி திசை மாறி அமர்ந்த வரலாறு

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆறு இன்று ரப்பர் படகுச் சவாரிக்குப் பெயர்பெற்றதாயினும், அந்தப் பள்ளத்தாக்கின் முழு நீளத்தையும் ஆராயப் புறப்பட்ட முதல் குழுவினர் அந்த ஆற்றுக்குச் சற்றும் பொருந்தாத படகுகளிலேயே இறங்கினர். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்த புவியியலாளர் ஜான் வெஸ்லி பவல், 1869 மே 24 அன்று, கொலராடோவின் துணையாறான கிரீன் ஆற்றில், தம்மோடு சேர்த்துப் பத்துப் பேரும் நான்கு மரப்படகுகளுமாகப் பயணத்தைத் தொடங்கினார். அமைதியான நீரில் நேர்கோட்டில் செல்வதற்கென அமைந்த அப்படகுகளைச் சட்டெனத் திருப்புவது அரிது; துடுப்பு வலிப்பவர்களோ செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்ததால், எதிரே வரும் பாறை அவர்கள் கண்ணில் படவே இல்லை. லோடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு பாறையில் மோதி இரண்டாகப் பிளந்து, உணவு மூட்டைகள் வெள்ளத்தோடு போயின. உடைந்த பகுதியிலிருந்து உயரம் அளக்கும் காற்றழுத்தமானிகளும், பவலுக்குத் தெரியாமல் ஏற்றப்பட்டிருந்த ஒரு விஸ்கிப் பீப்பாயும் மீட்கப்பட்டன. அதன்பின் கரையில் நின்று கயிற்றால் படகை மெல்ல இறக்குவதும், அதுவும் இயலாத இடங்களில் பாறைகள் மீது சுமந்து செல்வதுமே அன்றாட வேலையாயின. ஆகஸ்ட் 30 அன்று இரண்டு படகுகளில் ஆறு பேரே இறுதிவரை வந்து சேர்ந்தனர்.

புகழெல்லாம் பவலுக்கே போயிற்று. ஆனால் படகோட்டும் கலையை மாற்றியவர் யூட்டாவைச் சேர்ந்த நதானியேல் காலவே என்ற வேட்டைக்காரரே. 1890களில் அவர் தட்டையான அடியுடைய இலேசான படகில், ஆறு ஓடும் திசையை நோக்கி அமர்ந்து, நீரோட்டத்திற்கு எதிராகத் துடுப்பை வலித்து வேகத்தைக் குறைத்தார். வேகம் குறைந்ததும் பக்கவாட்டில் விலகிப் பாறையைத் தவிர்க்க அவகாசம் கிடைத்தது. எளிய மாற்றம்தான், எனினும் துடுப்புப் படகுகள் இன்றளவும் பெரும்பாலும் அம்முறையிலேயே செலுத்தப்படுகின்றன.

1938இல் படகோட்டி நார்மன் நெவில்ஸ் கிராண்ட் கேன்யன் வழியே கட்டணப் பயணங்களைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் இராணுவம் கழித்துவிட்ட ரப்பர் மிதவைகள் மலிவாகக் கிடைத்தபோது, ஜார்ஜி ஒயிட் என்ற பெண்மணி அவற்றில் மூன்றைப் பிணைத்துச் சாதாரண மக்களையும் ஆற்றுக்குள் அழைத்துச் சென்றார். மோதினால் உடையும் மரத்தைவிட வளைந்துகொடுக்கும் ரப்பர் பயணிகளின் அச்சத்தைக் குறைத்தது.

1963இல் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கிளென் கேன்யன் அணையில் நீர் தேக்கத் தொடங்கியதும் வண்டல் கலந்த செந்நீர் குளிர்ந்த தெளிநீராயிற்று. அதன்பின் கிராண்ட் கேன்யனில் நீரின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீரே.