டீக்காசு நோட்டு: பங்கும் பந்தியும்

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஒன்றரை வருஷம் தற்காலிக வேலை பார்த்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. சர்க்கரை ஆலை இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாம் நாளே என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார்கள். "தமிழ் எம்.ஏ. படிச்சவரு, கையெழுத்து மணிமணியா இருக்கு, டீக்கணக்க இனிமே நீங்களே எழுதுங்க சார்." நோட்டில் பதினோரு பெயர்கள். நாளைக்கு இரண்டு டீ, ஒரு டீ எட்டு ரூபாய். மாசக் கடைசியில் லீவு நாட்களைக் கழித்து, தலைக்கு இவ்வளவு என்று வகுத்து வசூல் செய்ய வேண்டும்.

வகுக்கும்போதுதான் கணக்கு இடித்தது. பெயர்கள் பதினொன்று, டீ பதின்மூன்று. பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்வரும் கடைநிலை ஊழியர் ஒருவர், கூட்டிப் பெருக்க வரும் அம்மா ஒருவர். இவர்களுடைய டீயின் விலை மற்ற பதினோரு பேர் தலையில் பிரிந்து விழும். "பாவம், அவங்ககிட்டப் போயி காசு கேக்குறதா?" என்பது அதற்கான நியாயம். பாவம்தான். ஆனால் அந்த அம்மா தன் எவர்சில்வர் டம்ளரை வீட்டிலிருந்து கொண்டுவருவார். தாழ்வாரத்துத் திண்டில் அதை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். ஊற்றியபிறகு வந்து எடுத்துக்கொள்வார். நாங்கள் குடித்த கண்ணாடி டம்ளர்களைக் கழுவியவரும் அவரே. கழுவத் தொடலாம், குடிக்கத் தொடக்கூடாது. இது என் கண்ணில் பட ஐந்து மாதமானது. அந்த ஐந்து மாதமும் கணக்கை நான் பைசா சுத்தமாக எழுதிவந்தேன்.

டீக்காசு பங்கிடுதல் என்கிற இந்தச் சின்னப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தேநீர் நம் தொல்பழக்கம் இல்லை. தோட்ட முதலாளிகள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது வரி போட்டு, அந்தப் பணத்தில் தேநீர்ப் பிரச்சாரம் நடத்துவது திட்டம். 1930களின் பெருமந்தத்தில் வெளிநாட்டுச் சந்தை சுருங்கியபோது பிரச்சாரம் உள்நாட்டுப் பக்கம் முழுவேகத்தில் திரும்பியது. தெருத்தெருவாகக் காய்ச்சிக் காட்டினார்கள், இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், டீ உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்துபோனதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

பானம் புதிது, குடிக்கும் இடமோ பழைய பந்தி. காப்பி ஓட்டல்களில் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தபிறகும் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து நாள்தோறும் கைதானது இந்த ஒரு சொல்லை அழிக்கத்தான். நகரத்து ஓட்டலில் பலகை இறங்கியது. கிராமத்து டீக்கடையின் இரட்டைக் குவளைக்குப் பலகையே கிடையாது. எனவே இறக்கவும் எதுவுமில்லை.

இனி தொழிற்கூடம். ஆலை முதலில் தொழிலாளியின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஈ. பி. தாம்ப்சன் 1967இல் எழுதிய கட்டுரையிலிருந்து நாம் கற்றோம். சென்னையில் 1918இல் தொழிற்சங்கம் தோன்றிய சமயம் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளுள் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரைமணி நேரம் பத்தவில்லை என்பது. சாப்பிடும் நேரத்துக்காகச் சேர்ந்த கூட்டம் சேர்ந்து சாப்பிடும் கூட்டமாக ஆகவில்லை. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் சாதி இந்துத் தொழிலாளர்களும் எதிரெதிராக நின்று, புளியந்தோப்பு எரிந்தது. வர்க்க ஒற்றுமை பேசுகிற நண்பர்கள் இந்த மூன்றாண்டு இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

சட்டமும் இந்தப் பந்தியைக் கலைத்ததாகத் தெரியவில்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்லும் அதிகாரத்தை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு மாநில அரசுகளுக்குத் தந்தது. அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடமும் தந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் 1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் தன் ஆட்களுக்குத் தனியே கேன்டீன் நடத்த வேண்டும் என்றது. சலுகையாக வந்த இந்தப் பிரிவைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள்: ஒரே மதிலுக்குள் இரண்டு அடுப்பு. நிரந்தரம் ஒரு பந்தி, கான்ட்ராக்ட் ஒரு பந்தி. யார் எந்தப் பந்தியில் அதிகம் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மூங்கில்துறைப்பட்டுக்கு வருவோம். தென்பெண்ணைக் கரையில் இருக்கும் இந்த ஊருக்கு அடையாளம் கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை. கூட்டுறவு என்றால் பங்கு. கரும்பு போடுகிற விவசாயி பங்கு வாங்கி அங்கத்தினர் ஆகிறார். அரசும் பங்கு வைத்திருக்கிறது. கரும்பை வெட்டுகிற ஆளுக்கு அந்த ஏட்டில் இடமில்லை. கூட்டுறவு ஆலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அமைப்பு இது. அரவைப் பருவத்தில் அவர் கை ஓய்ந்தால் ஆலை ஓய்ந்துவிடும். ஆனாலும் 'பங்கு' என்ற சொல் அவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. என் நாற்பது பக்க நோட்டும் சின்ன அளவில் ஒரு கூட்டுறவுதான். பங்கு உள்ளவர் பெயர் ஏட்டில் இருக்கும். பண்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவரும் கழுவி வைப்பவரும் ஏட்டுக்கு வெளியே.

இந்த இடத்தில் 'ஓசி டீ'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடை வாங்கியவனைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்படுத்துகிறது என்றார் மார்செல் மோஸ், 1925இல். இதைப் புரிந்துகொள்ள நமக்கு பிரெஞ்சு தேவையில்லை, மொய் நோட்டு போதும். மொய் எழுதியவனுக்குத் திருப்பி எழுதும்வரை நாம் கடன்காரர். திருப்பி எழுத முடிகிறவர்களே அங்கே சமமானவர்கள். சரி, திருப்பிக் கொடுக்கவே விடாத கொடைக்கு என்ன பெயர்? அது கடைசிவரை தீராது. வாங்குகிறவர் ஓடி ஓடி வேலை செய்துதான் அதைத் தீர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "ஓசி டீ குடிக்கிறாரே, அந்த ஃபைலக் கொஞ்சம் எடுத்தாரச் சொல்லுங்க" என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கருணை என்று நாங்கள் நினைத்தது மிக மலிவான கூலி. பதினோரு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மூன்று ரூபாய்கூட ஆகாது.

இதற்கு மாறான உதாரணமும் நம் வரலாற்றில் உண்டு. 1950களில் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடி ஊழியர்களை வெளியேற்றத் தொடங்கியது. ஏ. கே. கோபாலனின் முன்கையில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, 1957 முதல் இந்தியன் காபி ஹவுஸ்களைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். காப்பி கொண்டுவந்து வைத்தவர் பங்குதாரரானார். அங்கே உட்கார்ந்து இலக்கியமும் புரட்சியும் பேசிய நம் முன்னோர்கள், தங்கள் மேசைக்குக் கோப்பை கொண்டுவந்தவர் செய்து முடித்திருந்த காரியத்தைப் பற்றி எவ்வளவு எழுதினார்கள்?

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி போகாது என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். மறுப்பதற்கில்லை. நாமோ அந்த முதற்படிக்கே வந்து சேரவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விவகாரத்தை விசாரிக்கப் போன அதிகாரிகள் பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். கடைக்காரர்மீது வழக்குப் பதிவானது. இடையில் பேப்பர் கப் வந்து, குடித்து எறிகிற குவளைக்கு ஏது சாதி என்று நம்மை ஆறுதல்படுத்தியது. உண்மையில் அது கேள்வியைத் தள்ளிப்போட்டது. பிளாஸ்டிக் பூசிய கப்புகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தபோது, கழுவிக் குடிக்கும் டம்ளரோடு பழைய கேள்வியும் மேசைக்குத் திரும்பியது: யார் கழுவுவது, யாருக்குப் பின் யார் குடிப்பது?

ஆறாம் மாதம் நோட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண் போட்டு இரண்டு பெயர்களைச் சேர்த்தேன். டம்ளரையும் பதின்மூன்றாக்கி, அவரவர் குடித்ததை அவரவர் கழுவ வேண்டும் என்றேன். காசு விஷயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கழுவும் விஷயத்தில் முகம் மாறியது. அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எம் பேரு எதுக்கு சார் அதுல? நாளைக்கு நீங்க போயிருவீங்க, நான் இங்கதான இருக்கணும்" என்றார். மாசக் கடைசியில் தன் பங்கை மட்டும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாயும் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. டம்ளரை மட்டும் கடைசிவரை வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்.

நான் வேலையை விட்டபிறகு அந்தக் கணக்கு வாட்ஸ்அப் குழுவுக்கும் ஜீபேவுக்கும் மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். குழுவில் எத்தனை பேர் என்று விசாரித்தேன். பதினொன்று என்றார்கள்.