பழைய மரச்சாமான்களும் அவற்றின் ஸனதும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் ஏட்டுச் சுவடியிலும் தேடுவது அறிஞர் வழக்கம். அச்சமுதாயத்தார் எதன்மீது அமர்ந்தனர், எதில் உறங்கினர், தம் நூல்களையும் நகைகளையும் எதனுள் வைத்துப் பூட்டினர் என்று வினவுவோர் மிகச் சிலரே. நாற்காலியும் கட்டிலும் பெட்டகமும் எழுத்தில்லா ஆவணங்கள். படிக்கத் தெரிந்தவர்க்கு அவை வரலாறு. தெரியாதவர்க்கு விலைப்பொருள், அதுவும் இல்லையேல் விறகு. பழைய மரச்சாமான்களைச் சேர்க்கும் ஆர்வம் பரவியுள்ள இந்நாளில், அவற்றைப் படிக்கும் முறை யாது, சேர்ப்போர் பேண வேண்டிய ஒழுங்கு யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

மலையேறிய நாற்காலி

பழனி மலைத்தொடரில் கோடைக்கானலை அடுத்துள்ள வில்பட்டி, அந்நகரைவிட மூத்த ஊர். 1821இல் லெப்டினன்ட் வார்டு இம்மலைகளை அளந்தபோது கோடைக்கானல் என்னும் நகரம் இல்லை. வேளாண் சிற்றூர்களே இருந்தன. 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்களுக்கும் தப்பித் தங்குவதற்கென இங்கு முதல் இரு வீடுகளைக் கட்டினர். 1863இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் ஏரி உருவாயிற்று. பின்னர் பங்களாக்கள் பெருகின.

இவ்வாறு இரண்டு வாழ்க்கை முறைகள் அண்டை அயலில் நின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூர் வீட்டின் வாழ்க்கை தரையை ஒட்டியது: அமர மணையும் திண்ணையும், உறங்கப் பாய், பொருள் வைக்கப் பெட்டி. இதனை வறுமையின் அடையாளமாக மட்டும் கொள்வது பிழை. பத்தமடையின் முஸ்லிம் நெசவாளர்கள் கோரையை நூலிழைபோல் கிழித்து நெய்யும் பட்டுப்பாய், தரையில் அமரும் பண்பாடு எய்திய நுட்பத்துக்குச் சான்று. பங்களாவின் வாழ்க்கையோ தரையினின்று உயர்ந்தது. உண்ண ஒரு மேசை, எழுத ஒரு மேசை, உடைக்கு ஓர் அலமாரி, ஓய்வுக்குச் சாய்வு நாற்காலி என ஒவ்வொரு செயலுக்கும் தனிப் பொருள் வேண்டியிருந்தது.

அப்பொருள்கள் மலையேறுவதோ எளிதன்று. 1875இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூரை எட்டியது. இன்று கோடைக்கானல் ரோடு எனப்படும் நிலையம் அதுவே. அங்கிருந்து மாட்டுவண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை வரலாம். அதற்குமேல் குதிரைப் பாதைதான். வசதியுடையோர் மட்டக்குதிரையிலோ டோலியிலோ கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலோ ஏறினர். பொருள்கள் மனிதர் தலையிலும் தோளிலும் ஏறின. லா மலைச்சாலை 1914இல் முடிவுறும்வரை நிலைமை இதுவே. எனவே பளுவற்றவை, பிரித்துச் சுமக்கத் தக்கவை, மலையிலேயே தச்சரைக் கொண்டு செய்யத் தக்கவை ஆகியவற்றுக்கே இங்கு வசதி மிகுதி. பொருளின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் செய்தவன் கைக்கு நிகராக வந்த வழிக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

பிரித்துச் சுமக்கும் மரச்சாமான் ஆங்கிலேயப் படைமுகாம்களில் வளர்ந்த பாணி. முகாம் இழுப்பறைப் பெட்டி மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். மூலைகளில் பித்தளைப் பூண் இருக்கும். கால்களைத் திருகிக் கழற்றலாம். சுமக்கும்போது முறியாதிருக்கும் பொருட்டுக் கைப்பிடிகள் மரத்தினுள் அழுந்தியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ரூர்க்கி நாற்காலியில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. கழுந்துகளைத் துளைகளில் செருகித் தோல்வாரால் இறுக்குவர்; அமர்பவரின் எடையே அதனை உறுதியாக்கும்; மேடுபள்ளமான நிலத்திலும் நான்கு கால்களும் ஊன்றும். டென்மார்க்கின் காரெ கிளிண்ட் 1933இல் வடிவமைத்த புகழ்பெற்ற நாற்காலிக்கு இதுவே முன்மாதிரி.

பெயர்கள் காட்டும் தடம்

பொருளைப் போலவே அதன் பெயரும் பயணக் குறிப்பாகும். நாற்காலி தூய தமிழ்ச்சொல். மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர் வழி வந்தவை. இலங்கைத் தமிழர் வழங்கும் கதிரையும் அவ்வாறே. பீரோ பிரெஞ்சுச் சொல். சோபாவின் வேர் அரபியின் ஸுஃப்பா. மஸ்ஜிதுந் நபவியில் ஏழைத் தோழர்கள் தங்கியிருந்த திண்ணைக்கும் அதுவே பெயர். பதிவேட்டைக் குறித்த திவான் என்னும் சொல் பின்னர் அரசவையைக் குறித்து, அவையில் அமரும் மெத்தை இருக்கையையும் குறித்தது.

இப்பயணம் ஒருவழிப்பட்டதன்று. தேக்கு மரத்தை அரபியர் ஸாஜ் என்றனர். அதனை இந்தியாவிலிருந்து பெற்றனர். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் ஏறத்தாழ ஹிஜ்ரி 248இல் (கி.பி. 862) அமைக்கப்பட்ட மிம்பர், இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது. முந்நூறுக்கும் மேற்பட்ட செதுக்குப் பலகைகளால் ஆன அது இந்தியத் தேக்கினால் செய்யப்பட்டது. நம் நாட்டுக் காட்டுமரம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே மேற்குலகின் மிம்பராகிவிட்டது.

பாணிகளும் பிறப்பிடங்களும்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பழைய மரச்சாமான் தேடுவோர் சில பாணிகளை அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, சோழமண்டலக் கரையின் கருங்காலி நாற்காலிகள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரின் தேவைக்கென நம் தச்சர்கள் செய்தவை இவை. முறுக்குக் கடைசல் கால்களும் உடல் முழுதும் படர்ந்த பூவேலையும் பிரம்புப் பின்னல் இருக்கையும் இவற்றின் அடையாளங்கள்.

இரண்டாவது, 18ஆம் நூற்றாண்டின் விசாகப்பட்டினப் பாணி. வடிவம் ஆங்கிலேயருடையது, ஈட்டி மரத்தில் தந்தம் பதித்த அலங்காரமோ இத்துணைக்கண்டத்தின் பூத்துணிகளின் கரையை ஒத்தது. மூன்றாவது, இலங்கையின் டச்சுப் பாணி. வளைந்த முதுகும் வட்ட இருக்கையும் ஆறு கால்களும் உடைய 'பர்கோமாஸ்டர்' நாற்காலி இதில் பெயர்பெற்றது. இப்பாணியைக் கொழும்பு பேட்டையிலுள்ள டச்சுக்கால அருங்காட்சியகத்தில் காணலாம். நான்காவது, செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்குச் சாமான்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதோடு அம்மாளிகைகளைத் தாங்கிய வணிகம் சரிந்தது. பிற்காலத்தில் அவ்வீடுகளின் பொருள்கள் பல காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளை அடைந்தன.

ஐந்தாவது, நமக்கு மிக நெருக்கமான பித்தளைப் பூண் பெட்டகம். தேக்கிலோ ஈட்டியிலோ செய்து, பித்தளைத் தகடும் குமிழாணியும் பதித்த இப்பெட்டகத்தை வளைகுடா அரபியர் மந்தூஸ் என்பர். மணப்பெண்ணின் உடைமையும் மாலுமியின் உடைமையும் இதனுள் பயணம் செய்தன. இன்றைய சந்தையில் ஓமான் பெட்டி, குவைத் பெட்டி, சன்சிபார் பெட்டி என்னும் பெயர்களில் இது விற்கப்படுகிறது. எனினும் இவற்றுள் பல சூரத்திலும் மலபாரிலும் செய்யப்பட்டுக் கப்பலேறியவை. விற்ற துறைமுகத்தின் பெயர் நிலைத்தது. செய்த ஊரின் பெயர் அழிந்தது.

ஸனத் அறுந்த பொருள்

இத்தகைய பெயர் மயக்கத்துக்கு வரலாற்றில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் பெரும் கலைப்பொருள் சேகரிப்பாளர். ஈஷர் மாளிகையில் அவர் கண்ட கருங்காலி நாற்காலிகள், 1530இல் இறந்த கார்டினல் வுல்சியின் உடைமை எனக் கருதப்பட்டன. அவ்வகை நாற்காலிகளைத் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கென அவர் தேடித்தேடி வாங்கினார். அவை டியூடர் கால ஆங்கிலேயத் தச்சுவேலை என்பது அவர் நம்பிக்கை. அவரைப் பின்பற்றி மற்றவர்களும் அவ்வாறே நம்பினர். உண்மையில் அவை வுல்சி மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம் கீழைக் கடற்கரையில் செய்யப்பட்டவை. தமிழகமும் ஆந்திரமும் ஈன்ற கைவேலை நெடுங்காலம் அயலான் பெயரில் போற்றப்பட்டது.

கற்றவரான அவர் வழுக்கியதன் காரணம் யாது? ஹதீஸ் கலை பயின்றோர்க்கு விடை எளிது. ஒரு செய்தியை ஆராயும் முஹத்திஸ் இரண்டைப் பார்ப்பார்: ஒன்று மத்ன் என்னும் செய்தியின் உடல், மற்றொன்று ஸனத் என்னும் அறிவிப்பாளர் தொடர். உடல் எவ்வளவு அழகாயினும் தொடர் அறுந்திருப்பின் அவர் தயங்குவார். மரச்சாமானின் பாணி அதன் மத்ன். யார் செய்தார், யாரிடமிருந்து யார் பெற்றார் என்னும் வரலாறு அதன் ஸனத். வால்போல் மத்னை மட்டும் கண்டு, ஒரு மாளிகையின் செவிவழிச் செய்தியை ஸனதாக ஏற்றுக்கொண்டார்.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு ரெஹால். திருக்குர்ஆனை வைத்து ஓதுவதற்கான அப்பலகையில் ஹஸன் பின் ஸுலைமான் இஸ்ஃபஹானி என்னும் தச்சரின் பெயரும் ஹிஜ்ரி 761 (கி.பி. 1360) என்னும் ஆண்டும் அது சேர்ந்த மதரஸாவின் பெயரும் செதுக்கப்பட்டுள்ளன. தன் ஸனதைத் தானே சுமக்கும் பொருள் அது. அதனால்தான் ஆறரை நூற்றாண்டுக்குப் பின்னும், கடல் கடந்த நாட்டிலும், அதனை எவராலும் வேறொருவர் பெயரில் எழுத இயலவில்லை.

மத்னை ஆராயும் முறை

ஸனத் கிட்டாதபோது மத்னையே நுணுகி ஆராய வேண்டியிருக்கும். பொருளின் முகப்பை விடப் பின்புறமும் அடிப்புறமும் உண்மை பேசும். மெருகு முகப்புக்கே ஏற்றப்படுவது. மறைவான பலகையில் வாளின் தடம் நேர்கோடாக இருப்பின் கையால் அறுத்தது. வில்போல் வளைந்த கோடுகள் வட்ட ரம்பத்தைக் காட்டும். வட்ட ரம்பம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவிற்று. கூரிய முனையுள்ள இயந்திரத் திருகாணி அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. கூட்டல் குறி வெட்டுள்ள திருகாணி 1930களுக்குப் பிந்தியது. இருநூறு ஆண்டுப் பழமை கூறப்படும் பெட்டியில் அத்திருகாணி இருந்தால், ஒன்று பழுது பார்த்திருக்க வேண்டும், அல்லது கூற்று பொய்யாக இருக்க வேண்டும்.

இழுப்பறையின் மூலையில் கையால் வெட்டிய பொருத்துகள் ஒன்றுபோல் ஒன்று இரா. இயந்திரம் வெட்டியவை அச்சடித்தாற்போல் இருக்கும். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும் இயல்புடையது. ஆதலால் பழைய வட்ட மேசையை அளந்தால் ஒருபுறம் விட்டம் சற்றுக் குறைந்திருக்கும். தேய்மானமும் பொருந்த வேண்டும்: கால் வைக்கும் குறுக்குச் சட்டமும், கை படும் கைப்பிடியும், இழுப்பறை உராயும் அடிச்சட்டமும் தேய்ந்திருக்க வேண்டும். கை படாத இடங்களிலும் ஒரே சீராகத் தேய்வு காணப்படின் அது உப்புத்தாளின் வேலை.

பழைய மெருகைச் சுரண்டிப் புதிய பளபளப்பு ஏற்றுவதைப் பலர் பராமரிப்பு என நினைக்கின்றனர். சுவடியின் எழுத்தை அழித்துவிட்டு ஏட்டுக்கு எண்ணெய் பூசுவதை ஒத்தது அது. அரக்கு மெருகின் கருமையும் கைபட்ட வழவழப்பும் பொருளின் வயதைச் சொல்லும் எழுத்துகள். ஒரு முறை சுரண்டினால் அவை மீளா.

சட்டமும் கடமையும்

சேகரிப்போர் சட்டத்தையும் அறிய வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருள்களும் தொல்பொருள்களே. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது குற்றம். உள்நாட்டில் அவற்றை வணிகம் செய்வோர் உரிமம் பெற வேண்டும். தந்த வணிகம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986, 1991ஆம் ஆண்டுத் திருத்தங்களால் தடுக்கப்பட்டது. தந்தம் பதித்த பெட்டியை விலை பேசுமுன் இதனை நினைவிற் கொள்க. புதிய பொருளைப் பழையது எனக் கூறி விற்பது மார்க்கம் தடுத்த மோசடி. பொருளின் குறையை மறைத்து விற்பதும் அதனைச் சார்ந்ததே.

இவற்றினும் முதன்மையான கடமை நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் காத்திருக்கிறது. பழைய பள்ளிவாசல்களை இடித்துப் புதிதாக எழுப்பும்போது மர மிம்பர்களும் செதுக்குக் கதவுகளும் தூண்களும் மொத்த விலைக்குப் போவதைக் கண்டுவருகிறோம். கடற்கரை ஊர்களின் பெரிய வீடுகள் பாகம் பிரிக்கப்படும்போது பெட்டகங்களும் தூக்குக் கட்டில்களும் வணிகர் வண்டியில் ஏறுகின்றன. ஓரிரு கைமாறியதும் அவை எந்த ஊரின், எந்தக் குடும்பத்தின் உடைமை என்பதைக் கூறவல்லார் எவரும் இலர். பின்னொரு நாள் ஏதோ ஒரு மாளிகையில் ஏதோ ஒரு துறைமுகத்தின் பெயரால் அவை நிற்கும். வால்போலின் கதை நம் பொருள்களால் மறுபடியும் நிகழும்.

எல்லாப் பொருளையும் எல்லாராலும் காக்க இயலாது. இடமும் வசதியும் அனைவர்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் ஸனதைக் காப்பதற்கு இடம் வேண்டா, செலவும் சிறிது. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பதிவேடு வைக்கலாம். பொருளின் படம், அளவு, மரத்தின் பெயர், வழங்கியவர் அல்லது வக்ஃபு செய்தவர், செய்த தச்சர், பழுது பார்த்த ஆண்டு, மூத்தோர் அதுபற்றிக் கூறும் செய்தி, அச்செய்தியைக் கூறியவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதலாம். வக்ஃபுப் பொருளாயின் அதனை மாற்றுவதற்கும் விற்பதற்கும் ஷரீஅத்திலும் நாட்டுச் சட்டத்திலும் உள்ள வரம்புகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வீட்டுப் பொருளாயின் விற்குமுன் ஒரு தாளில் அதன் வரலாற்றை எழுதி, ஒரு படியை அதனுடன் அனுப்பி, மறு படியைக் குடும்பத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வில்பட்டிக்கு அருகே மலைமேல் சுமந்து ஏற்றப்பட்ட நாற்காலிகளுள் ஒன்று இன்று எவர் வீட்டிலேனும் இருக்கக்கூடும். அதில் அமர்ந்த துரைமாரின் பெயர்கள் கிடைப்பது அரிதன்று. அவர்தம் கடிதங்களும் கல்லறைகளும் உள்ளன. அதனைச் செய்த தச்சனின் பெயரும், அதனைத் தலையில் சுமந்து ஏறியவனின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. நம் கைக்கு வரும் பொருள்களிலாவது அவ்வாறு நேராதபடி எழுதி வைப்போம்.